ஓரத்து இலை ஒன்றே ஒன்று

ஒரு காட்டில் ஒரு முயல் இருந்தான். சிங்கம் எங்கே என்று இப்போதே கேட்காதீர்கள். நம் பக்கத்துக் காடுகளில் சிங்கமே கிடையாது. கதை சொல்கிறவர்கள் சும்மா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன மிருகம் அது. நான் சொல்லும் காடு மலைச்சரிவில், ஒரு காப்பித் தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே இருப்பது ஒரே ஒரு சிறுத்தை, அதற்கும் மூட்டு வலி. அதனால் தைரியமாகக் கேளுங்கள்.

முயலின் பெயர் நாச்சிமுத்து. ஆள் தங்கமானவன், ஆனால் எதையும் ஆரம்பிப்பதோடு சரி. வளைக்குப் பின்வாசல் வெட்டுகிறேன் என்று போன ஆடியில் வெளியிலிருந்து தோண்ட ஆரம்பித்தான். பாதி தோண்டியதும் களைப்பாக இருக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. ஐப்பசி மழையில் அந்தப் பாதிக் குழியில் தண்ணீர் தேங்கி, சுவர் ஊறி, அம்சவேணி சேர்த்துவைத்திருந்த காய்ந்த புல் மெத்தை முழுக்க நனைந்துபோனது. அம்சவேணி அவன் மனைவி.

அவள் சத்தம் போடுகிற ரகம் இல்லை. மெத்தையைப் பிழிந்து வெயிலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நானும் மூணு வருசமாப் பார்க்கறேன். நீங்க ஆரம்பிச்சு வெச்சது எங்க பார்த்தாலும் கெடக்குது. முடிச்சு வெச்சது ஒண்ணே ஒண்ணு காட்டுங்க பார்க்கலாம்."

நாச்சிமுத்து ரொம்ப நேரம் யோசித்தான். "உன்னையக் கல்யாணம் பண்ணினனே அம்மிணி."

"அது எங்கப்பா முடிச்சு வெச்சது."

தை பிறந்ததும் அம்சவேணி ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது ஒன்று சொன்னாள். கல்யாணம் ஆன புதிதில் இரண்டு பேரும் காப்பித் தோட்டத்து பங்களாவுக்குள் நுழைந்து, அங்கே பாத்தியில் இருந்த ஒரு சிவப்பு இலையைத் தின்றிருந்தார்கள். சுருள் சுருளாக, ஓரத்தில் நல்ல கருஞ்சிவப்பு, காம்புப் பக்கம் வெளிர்ப்பச்சை. தண்டுக்கீரை இல்லை, அது வேறு. கடித்தால் மொறுமொறு என்று இருக்கும், பின்னால் லேசாகத் தித்திக்கும்.

"அந்தச் செடியில ஒண்ணை நீங்களே வெதை போட்டு வளர்த்துக் காட்டுங்க. ஒரு மண்டலம் டைம் தர்றேன். நாப்பத்தெட்டாம் நாள் காலையில வருவேன். செடி மண்ணுல நிக்கணும். அதுல ஒரு எலையை என் கையால நான் கிள்ளித் திங்கணும். பங்களாவுல இருந்து திருடிட்டு வந்து நீட்டற வேலையெல்லாம் வேண்டாம். எலை இருந்தா உள்ள வர்றேன். இல்லீன்னா அப்படியே திரும்பிப் போயிருவேன், அப்புறம் வர மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த வளை எவ்வளவு பெரியது என்பதை அவன் முதல் தடவையாகக் கவனித்தான். பயந்துபோய் நேரே சுதாகரிடம் ஓடினான். சுதாகர் குரங்கு. சுற்றுலா வந்தவர் ஒருவரிடமிருந்து பறித்த போன் அவனிடம் இருந்தது. பங்களா வராந்தாவில் சார்ஜ் போட்டுக்கொள்வான். அந்தக் காட்டில் அவனைத்தான் படித்தவன் என்பார்கள். அவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, போனே படித்துச் சொல்லிவிடும்.

சுதாகர் அன்று மத்தியானமே பங்களா வராந்தாவிலிருந்து ஒரு விதைப் பாக்கெட்டை எடுத்து வந்தான். பாக்கெட்டைப் போன் முன்னால் பிடித்ததும் அது "சிவப்பு லெட்டூஸ்" என்றது. அப்புறம் போனில் ஓடிய செடி வளர்க்கும் படத்தில் ஒரு அம்மா வந்தார்.

"வணக்கம் மக்களே" என்றார் அந்த அம்மா.

"வணக்கம்ங்க" என்றான் நாச்சிமுத்து. கடைசி வரைக்கும் அந்தப் படத்தை எத்தனை தடவை போட்டாலும் பதில் வணக்கம் சொல்வதை அவன் நிறுத்தவில்லை.

அந்த அம்மா சொன்னது இதுதான். விதை ரொம்பப் பொடிசு. ஆழமாகப் புதைத்தால் முளைக்காது, மேலே தூவி, ஒரு சிட்டிகை மண்ணைத் தூவினால் போதும். தண்ணீரை ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். காலை வெயில் நல்லது, உச்சி வெயில் ஆகாது. நெருக்கமாக முளைத்தால் நடுநடுவே பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும். முப்பது நாள் ஆனதும் பறிக்கலாம், ஆனால் ஓரத்தில் இருக்கும் வெளி இலையை மட்டும் கிள்ள வேண்டும், நடுக்குருத்தைத் தொடக் கூடாது. அப்போதுதான் செடி திரும்பத் திரும்பக் கொடுக்கும். முக்கியமாக, வெயில் ஏறினால் செடி நடுவில் தண்டு விட்டு உயர ஆரம்பித்துவிடும். அப்புறம் இலை கசக்கும்.

நாச்சிமுத்து இதைப் பதினோரு தடவை கேட்டான். பிறகு வளைக்கு முன்னால் ஒரு பாத்தி கட்டினான். நல்லா மட்கிய யானைச் சாணத்தைக் கையால் பொடித்துக் கலந்தான். விதை தூவினான். வாயில் தண்ணீர் எடுத்துவந்து பாத்திமேல் புஸ் புஸ் என்று ஊதினான். ஒரு நாளைக்கு ஓடைக்கும் வீட்டுக்கும் இருபது நடை. ஆறாம் நாள் பொடிப்பொடியாகப் பச்சை தெரிந்தது. அவன் பாத்திப் பக்கத்தில் படுத்து மூக்கால் எண்ணிப் பார்த்தான், நாற்பத்தொன்று இருந்தது.

கலைத்துவிட வேண்டுமே, அதற்குத்தான் மனசு வரவில்லை. ஒவ்வொரு நாற்றாகப் பிடுங்கி, "மன்னிச்சுக்கோ கண்ணு" என்று சொல்லித் தின்றான். கடைசியில் பன்னிரண்டு செடி நின்றன. இருபதாம் நாள் இலை ஓரத்தில் வெட்கப்படுகிற மாதிரி ஒரு சிவப்பு வந்தது. இருபத்தைந்தாம் நாள் பனியில் அது கருஞ்சிவப்பாக ஆனது. தான் ஆரம்பித்த ஒன்று இவ்வளவு தூரம் வந்ததே இல்லை என்பதால் அவனுக்கே அவனைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம் வந்தால் சும்மா இருக்க வேண்டியதுதானே. முப்பதாம் நாள் சுதாகரைக் கூப்பிட்டு ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான்.

இங்கே 'காட்டுவாசிகள் நலச்சங்கம்' என்ற வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் சுதாகர் ஒருவன்தான் உறுப்பினர். மற்றவர்களிடம் போன் கிடையாது. எதுவானாலும் முதலில் குரூப்பில் போட்டுவிட்டு, பிறகு மரத்துக்கு மரம் தாவிப் போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வருவான். அன்றைக்கும் அப்படித்தான். 'நம்ம நாச்சிமுத்தண்ணன் வீட்டு லெட்டூஸ்' என்று சாயங்காலத்துக்குள் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் ருக்மணியக்கா வந்து வாசலில் நின்றாள். புள்ளிமான், பக்கத்து மூங்கில் புதர்.

"தம்பி, நல்லாயிருக்கியா? அம்சவேணி ஊருக்குப் போயிருக்குதாமே. ஒண்ணுமில்ல, ஒரு எலை குடேன். ஓரத்து எலை ஒண்ணே ஒண்ணு போதும். வாய்க்கு ருசியா எதையாச்சும் தின்னு எத்தனை நாளாச்சு."

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நீங்களும் கறிவேப்பிலை மரம் வைத்திருந்தால் உங்களுக்கும் தெரியும். இலை கேட்டு வாசலுக்கு வந்தவரை இல்லை என்று சொல்லி அனுப்பினால் செடி பட்டுப்போய்விடும். யாருக்கும் எப்போதும் பட்டுப்போனதாகச் சாட்சி இல்லை, ஏனென்றால் யாரும் எப்போதும் இல்லை என்று சொன்னதில்லை. அம்சவேணி திரும்பி வருவதே இந்தச் செடியை நம்பித்தான் இருக்கிறது. அதில் போய்ப் பரீட்சை செய்து பார்க்க நாச்சிமுத்துக்குத் தைரியம் இல்லை.

"எடுத்துக்கங்க்கா. ஓரத்து எலை மட்டும்" என்றான்.

ருக்மணியக்கா நியாயமானவள். ஓரத்து இலை ஒன்றை மட்டும் கிள்ளிக்கொண்டு போனாள். அடுத்து அவள் வீட்டுக்காரர் வந்தார். அவரும் நியாயமானவர். ஓரத்து இலை இப்போது இல்லையே, அதற்கு உள்ளே இருந்த இலைதான் இப்போது ஓரம். அதைக் கிள்ளினார். அப்புறம் கேளையாடு என்ற சின்ன மான், அப்புறம் மலையணில், அப்புறம் முள்ளம்பன்றி குடும்பத்தோடு. ஒருவரும் ஓர இலையைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. ஒருவரும் ஒன்றுக்கு மேல் எடுக்கவில்லை. சிலர் மறுநாளும் வந்தார்கள், அது வேறு நாள், வேறு ஒன்று. வெங்காயம் உரித்த மாதிரி செடி உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இலையும் கிள்ளப்படும் நேரத்தில் ஓர இலையாகத்தான் இருந்தது, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

பெரியதம்பி என்ற காட்டெருமை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அவரும் ஒரே ஓர இலையைத்தான் வாயால் பிடித்தார். பிடித்து இழுத்ததில் ஒரு வரிசைச் செடி வேரோடு வந்துவிட்டது. "அடடே, மண்ணு லூசா இருக்குது நாச்சிமுத்து, நல்லா மிதிச்சு விடோணும்" என்று சொல்லி, மிதித்தும் விட்டுப் போனார்.

முப்பத்தேழாம் நாள் பாத்தியில் பதினோரு இடத்தில் வெறும் காம்போ மிதித்த மண்ணோதான். பாத்தி ஓரத்துப் பாறைக்குப் பின்னால் மறைவாக இருந்த ஒரே ஒரு செடி மட்டும் அதுபாட்டுக்கு ஒரு முழ அகலம் விரிந்து, மாலை வெயிலில் பளபளவென்று நின்றது. நாச்சிமுத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். இன்னும் பதினோரு நாள் இருந்தது.

அந்த வழியாகத்தான் வையாபுரி வந்தார். வையாபுரி உடும்பு. காட்டு ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். இலை தின்னாதவர், அதனால் இந்த விஷயத்தில் அவரை நம்பலாம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு நாக்கை இரண்டு தடவை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இல்லைன்னு சொல்ல முடியாது. அதானே உன் கஷ்டம்?"

"ஆமாங்கய்யா. சொன்னா செடி பட்டுப்போயிரும்."

"யாரு இல்லைன்னு சொல்லச் சொன்னா? நான் முப்பத்தோரு வருஷம் ஆபீஸ்ல உக்காந்திருந்தேன். ஒரு தடவைகூட யாரையும் இல்லைன்னு சொன்னதில்ல. யாருக்கும் எதையும் குடுத்ததும் இல்ல."

"அதெப்படிங்கய்யா?"

"பரிசீலிக்கிறோம்னு சொல்லணும்."

நாச்சிமுத்து அந்த வார்த்தையை அதற்கு முன்னால் கேட்டதில்லை. அன்று ராத்திரியே மனப்பாடம் செய்துவிட்டான்.

மறுநாள் காலையில் செடியைச் சுற்றி முள்வேலி வந்தது. வேலி வாசலில் ஒரு கல் மேஜை, மேஜைக்குப் பின்னால் வையாபுரி. ஓர இலை ஒன்று வேண்டும் என்கிறவர்கள் தேக்கு இலையில் விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். மூன்று படி. பெயர், தகப்பனார் பெயர், வசிக்கும் வளை அல்லது பொந்து அல்லது புதர், வால் இருந்தால் அதன் நீளம், கொம்பு இருந்தால் கிளைகள் எத்தனை, இலை எதற்காகத் தேவைப்படுகிறது. குடியிருப்புச் சான்றாக இரண்டு வாரத்துக்குள் போட்ட புழுக்கை நான்கு. தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் சிவப்பாகச் சாயம் வருமே, அதில் நாச்சிமுத்து பாதியாக வெட்டி எழுத்துச் செதுக்கிய உருளைக் கிழங்கு ஒன்றைத் தோய்த்து 'பரிசீலனையில் உள்ளது' என்று முத்திரை குத்துவான். வேலிக்குள் யார் நுழைவதானாலும் அனுமதி வேண்டும். இதுதான் விதி.

ஒரு சின்ன இலையைக் கேட்பதற்கு மூன்று பெரிய இலை செலவாகிறதே என்று யாராவது கேட்பார்கள் என நாச்சிமுத்து பயந்தான். ஒருவரும் கேட்கவில்லை.

"அய்யய்யோ, இவ்வளவு கேட்டா யாரும் வர மாட்டாங்களே" என்று அவன் ரகசியமாகச் சந்தோஷப்பட்டது வீண்போயிற்று. முன்பு நாளைக்குப் பத்துப் பேர் வந்தார்கள். இப்போது நாற்பது பேர் வந்தார்கள். இவ்வளவு கேட்கிறார்கள் என்றால் உள்ளே பெரிதாக ஏதோ இருக்கிறது என்று காடு முடிவு செய்துவிட்டது. வரிசை வேலியிலிருந்து மூங்கில் புதர் வரை போய், அங்கிருந்து வளைந்து ஓடைக்கரைக்கு இறங்கியது. ஆனால் பாருங்கள், ஒருவருக்கும் கோபம் இல்லை. சிவப்பு முத்திரை விழுந்த ரசீதை வாங்கியதும் முகம் மலர்ந்து போனார்கள். ருக்மணியக்கா ரசீதைத் தன் வீட்டுக்காரர் கொம்பில் மாட்டி வைத்தாள். மறுநாள் முதல் ஆளாக வந்து அதன் நிலை என்ன என்று விசாரித்தாள். பரிசீலனையில் இருக்கிறது என்றதும் நிம்மதியாகப் போனாள்.

ஒரு நாள் சிறுத்தையும் வரிசையில் வந்து நின்றது.

"நீங்க எலை திங்க மாட்டீங்களே" என்றான் நாச்சிமுத்து, கொஞ்சம் தள்ளி நின்றபடி.

"எல்லாரும் நிக்கிறாங்க. எனக்கு மட்டும் கிடைக்காமப் போயிட்டா?" என்றது சிறுத்தை.

அதற்கு நேர் முன்னால் ஒரு கேளையாடு நின்றுகொண்டிருந்தது. கேளையாட்டுக்குச் சிறுத்தையிடம் ஒரே ஒரு பயம்தான் இருந்தது, இடையில் புகுந்துவிடுமோ என்று. "பின்னாடி நில்லுங்க, நான் காலையில இருந்து நிக்கறேன்" என்றது. சிறுத்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓரடி பின்வாங்கியது.

செடி தப்பித்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று நாள் போய்க்கொண்டே இருந்தது, ஒரு இலைகூடக் குறையவில்லை. நாச்சிமுத்து நாள் முழுக்க முத்திரை குத்தினான், ராத்திரி கனவிலும் குத்தினான். ஆனால் தண்ணீர் தெளிக்க நேரம் இல்லாமல் போயிற்று. விதிப்படி வேலிக்குள் அவனும் போகக் கூடாது என்பதால், கிடைத்த நேரத்தில் முள்ளுக்கு வெளியே நின்று ஊதினான். பாதி வழியிலேயே காற்றில் போய்விடும்.

மாசி பாதிக்கு மேல் வெயில் ஏறியது. நாற்பத்தாறாம் நாள் காலையில் வேலி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். செடியின் நடுவில் குருத்து ஒரு விரல் உயரம் எழும்பியிருந்தது. அந்த அம்மா சொன்னது அப்படியே காதில் கேட்டது: அப்புறம் இலை கசக்கும்.

அவன் ஓடிப்போய்ப் பெரணித் தழையை ஒரு கட்டு பறித்து வந்தான். செடிக்கு மேல் நிழல் கட்டி, வேரில் நல்லாத் தண்ணீர் காட்டினால் இரண்டு நாள் தாங்கும். வேலி வாசலில் வையாபுரி வாலைக் குறுக்கே போட்டார்.

"எங்க போறே?"

"அய்யா, எஞ்செடிங்கய்யா. தண்டு விடுது."

"உன் செடிதான், யார் இல்லைன்னா? ஆனா வரிசையைப் பாரு. நூத்தித் தொண்ணூறு பேரு நிக்கிறாங்க. நீ விண்ணப்பம் இல்லாம உள்ள நுழைஞ்சா, அவனுக்கு மட்டும் எப்படின்னு ஒருத்தர் கேட்பாங்க. அடுத்த நிமிஷம் அத்தனை பேரும் உள்ள இருப்பாங்க. பெரியதம்பியும் நிக்கிறார், பார்த்துக்க."

பெரியதம்பி நான்காவதாக நின்றுகொண்டிருந்தார். நாச்சிமுத்துக்கு வையாபுரி சொல்வது முழுக்க நியாயமாகப் பட்டது, அதுதான் கொடுமை. மூன்று தேக்கு இலை பறித்து, 'நிழல் போட' என்று காரணம் எழுதி, வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

வரிசை நகரவில்லை. மத்தியானம் ஆகியும் நகரவில்லை. முன்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். என்ன ஆச்சு என்று விசாரித்ததில், முத்திரை குத்துகிற ஆள் இன்றைக்கு வரவில்லை என்று தகவல் வந்தது.

"பொறுப்பே இல்லாத ஆளுக" என்றான் நாச்சிமுத்து, முன்னால் நின்ற முள்ளம்பன்றியிடம். சொல்லி முடித்த பிறகுதான் அந்த ஆள் தான்தான் என்பது அவனுக்கு உறைத்தது. ஆனால் முத்திரை குத்தப் போனால் வரிசையில் இடம் போய்விடும். இடத்தை விட மனசில்லாமல் அங்கேயே நின்றான். நாற்பத்தேழாம் நாளும் நின்றான், முத்திரை விழாத வரிசையில் புதிதாக யாரும் வந்து சேரவில்லை. வெயில் காய்ந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் அம்சவேணி ஓடையைத் தாண்டி வந்தாள். தலை வாரி, காதோரம் ஒரு காட்டுச் செண்பகம் வைத்திருந்தாள். திரும்பிப் போகிற உத்தேசத்தோடு வருகிறவள் பூ வைத்துக்கொண்டு வர மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. கரையேறியதும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வீடு வரைக்கும் ஒரே வரிசை. கடைசியில் நின்ற ஆளின் பின்னால் போய் நின்றாள். அந்த ஆளின் இடது காது நுனியில் ஒரு கிழிசல் இருந்தது, கல்யாணத்தன்று முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

"ஏனுங்க" என்றாள்.

நாச்சிமுத்து திரும்பினான். கையில் மூன்று வாடின தேக்கு இலையும் காய்ந்துபோன பெரணிக் கட்டும் இருந்தன. வாயைத் திறந்தான். அப்புறம் எல்லாமே வந்தது. யானைச் சாணம், இருபது நடை, மன்னிச்சுக்கோ கண்ணு, ஓரத்து இலை, வையாபுரி, பரிசீலனை என்று ஒன்றையும் விடாமல் கொட்டினான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அவளிடம் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

"செடி இருக்குதா?" என்று கேட்டாள்.

"இருக்குது அம்மிணி. உள்ள போகத்தான் முடியல. முத்திரை குத்த ஆளில்ல. நான் போனா எடம் போயிரும்."

அம்சவேணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க போயிக் குத்துங்க. உங்க எடத்தை நான் புடிச்சு வெக்கறேன். அந்த எலையைக் குடுங்க இங்க."

அவன் போனான். வரிசை நகர்ந்தது. நூற்றுத் தொண்ணூறு பேருக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று குத்தினான், உருளைக் கிழங்கு தேய்ந்தே போனது. குத்து வாங்கியவர்கள் கலைந்து போகவில்லை, இன்றைக்கு என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று சுற்றி நின்றார்கள். உச்சி சாய்ந்த நேரத்தில் அம்சவேணி கல் மேஜைக்கு முன்னால் வந்து தேக்கு இலைகளை நீட்டினாள். காரணத்தை மட்டும் அடித்துத் திருத்தியிருந்தாள். 'நிழல் போட' என்று இருந்த இடத்தில் 'வீட்டுக்கு வர' என்று இருந்தது.

நாச்சிமுத்து அதைப் படித்தான். கிழங்கைக் கீழே வைத்தான். "அய்யா, அனுமதின்னு ஒரு முத்திரை வேணுமே."

"அதைச் செய்யவே இல்லையே" என்றார் வையாபுரி. "எங்க ஆபீஸ்லயும் கிடையாது. யாரும் கேட்டதில்லை."

நாச்சிமுத்து தன் கையைச் சாயத்தில் முக்கி, மூன்று இலையிலும் பதித்தான்.

அம்சவேணி வேலிக்குள் போனாள். செடி இப்போது அவள் காது உயரத்துக்கு விறைப்பாக வளர்ந்து நின்றது. கீழே ஓரத்தில் இருந்த ஒரு சிவப்பு இலையைக் கிள்ளினாள், காம்பில் பால் வடிந்தது. வாயில் போட்டு மென்றாள். காடு முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பாதியில் துப்பவில்லை. கடைசி நரம்பு வரைக்கும் மென்று விழுங்கினாள்.

"கசக்குதுங்க" என்றாள்.

நாச்சிமுத்தின் இரண்டு காதும் தொங்கிவிட்டன. "வெயிலு அம்மிணி. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா..."

"இருக்கட்டும். வேம்பு மாதிரி இருக்குது. ஆனா எலைன்னு சொன்னேன், எலை இருக்குது. தித்திக்கணும்னு நான் சொல்லலையே." அவள் கண் கலங்கியிருந்தது, கசப்பினாலும் இருக்கலாம். வேலிக்கு வெளியே வந்து, ஓடைக்கரை வரைக்கும் மறுபடி சேர்ந்துகொண்டிருந்த வரிசையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இதையும் நீங்கதான் வளர்த்தீங்களா?"

"ஆமா அம்மிணி."

"எத்தனை நாள்ல?"

"பத்து நாள்."

"தண்ணி?"

"ஊத்தல."

"உரம்?"

"போடல. புழுக்கை அவங்களே கொண்டு வர்றாங்க."

"வெயில்ல வாடுதா?"

"இல்லியே. வெயில் ஏற ஏற நீண்டுட்டுத்தான் போகுது."

அம்சவேணி பூவைச் சரி செய்துகொண்டு வளைக்கு உள்ளே போனாள். சாயங்காலம் ஒரு கல் மேஜையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, வையாபுரிக்குப் பக்கத்தில் இரண்டாவது கவுண்ட்டரைத் திறந்தாள்.

அந்தச் செடி யாருக்கும் பயன்படாமல் உயர்ந்து, மஞ்சளாகப் பொடிப்பூ பூத்து, பஞ்சுக்குடை பிடித்த விதைகளைச் சித்திரைக் காற்றில் விட்டது. ஐப்பசி மழைக்கு அவை காடு முழுக்க முளைத்தன. மார்கழிப் பனியில் மூங்கில் புதர் அடியிலும் ஓடைக்கரையிலும் எங்கே பார்த்தாலும் சிவப்பு லெட்டூஸ், சுருள் சுருளாக, தித்திப்பாக. வரிசை அதற்கு நடுவில்தான் போயிற்று. நிற்கிறவர்கள் செடியை மிதித்துவிடாமல் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள்.

"இதுல ஒண்ணு கிள்ளித் திங்கலாமா?" என்று சுதாகர் ஒரு நாள் ருக்மணியக்காவிடம் கேட்டான்.

"சும்மா இரு தம்பி" என்றாள் ருக்மணியக்கா. "எனக்கு விண்ணப்பம் பரிசீலனையில இருக்குது. இப்பப் போயி எதையாச்சும் தொட்டு, கேன்சல் ஆயிருச்சுன்னா?"

தினமும் காலையில் கவுண்ட்டர் திறக்கும் முன்னால் நாச்சிமுத்தும் அம்சவேணியும் வரிசையை ஒட்டி நடந்து போவார்கள். பாதையில் இருக்கும் செடிகளில் நல்லதாகப் பார்த்து, ஓர இலையை ஒதுக்கிவிட்டு நடுக்குருத்தையே கிள்ளித் தின்பார்கள். வரிசையில் நிற்பவர்கள் அவர்களுக்கு வணக்கம் சொல்வார்கள். ஆபீஸ்காரர்கள், ஏதோ ஆய்வு செய்கிறார்கள் என்று நினைப்பு. வளையின் பின்வாசல் இன்னும் பாதியில்தான் இருக்கிறது.

நீதி: செடி வளர்த்தால் ஓரத்து இலைகூட மிஞ்சாது, வரிசை வளர்த்தால் நடுக்குருத்தே கிடைக்கும். இந்த நீதியின் நகல் தேவைப்படுவோர் தேக்கு இலையில் மூன்று படி எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நிற்கவும்.